மருத்துவமனைத் தர அங்கீகாரம்: வரவேற்பறையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒன்பது வருடம் வார்டு நர்ஸாக இருந்தேன். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் தரப் பிரிவில் வேலை. நோயாளிகளும் கூட வருகிறவர்களும் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். அவசரத்தில் நின்றுகொண்டு சொல்ல முடியாத பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

சுவரில் "என்ஏபிஎச்" என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

மருத்துவமனைகளுக்கான தேசியத் தர அங்கீகார வாரியம் என்று சொல்லலாம். இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் 2005-இல் தொடங்கப்பட்டது. ஒரு மருத்துவமனை எப்படி நடக்க வேண்டும் என்று விதிகளை எழுதிவைத்து, அதன்படி நடக்கிறதா என்று வெளியிலிருந்து ஆட்களை அனுப்பிப் பார்த்து, திருப்தியாக இருந்தால் அங்கீகாரம் தருவார்கள். 2020-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பத்து அத்தியாயங்கள், நூறு தரநிலைகள், அவற்றுக்குள் 651 சிறு கூறுகள் இருந்தன. நோயாளியைச் சேர்ப்பதில் தொடங்கி மருந்து, தொற்றுத் தடுப்பு, நோயாளி உரிமை, கட்டடப் பாதுகாப்பு, ஊழியர், கேஸ் ஷீட் வரை எல்லாம் அதில் அடக்கம்.

இதில் இரண்டு படிகள் உண்டு. நுழைவு நிலைச் சான்று ஒன்று, முழு அங்கீகாரம் இன்னொன்று. இரண்டும் சமம் இல்லை. விளம்பரத்தில் இரண்டையும் ஒரே மாதிரி போடுவார்கள், அதனால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு லைசென்ஸ் கொடுத்துத்தானே மருத்துவமனையே நடக்கிறது? அப்புறம் இது எதற்கு?

லைசென்ஸ் கட்டாயம். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லேயே வந்தது, அதற்கான விதிகள் 2018-இல் வந்தன. அந்தப் பதிவு, தீயணைப்புத் துறைச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எக்ஸ்ரே அறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதி, ஸ்கேன் கருவிக்குத் தனிப் பதிவு என்று ஒரு கட்டுக் காகிதம் இருந்தால்தான் கதவையே திறக்க முடியும். இடம் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா, கருவி இருக்கிறதா என்பதைத்தான் அவை பெரும்பாலும் பார்க்கின்றன.

அங்கீகாரம் கேட்பது அதற்கு அடுத்த கேள்வியை. கருவி இருக்கிறது, சரி. ராத்திரி மூன்று மணிக்கு அதை இயக்கத் தெரிந்தவர் யார்? கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தீர்கள்? பழுதானால் மாற்று எங்கே? இந்தக் கேள்விகளுக்கு மருத்துவமனை தானாக முன்வந்து பதில் சொல்ல ஒப்புக்கொள்வதுதான் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்று ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் இருந்தார். நூறு வருடத்துக்கும் முந்தைய கதை. அவர் கேட்டது எளிமையான கேள்வி: சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன நோயாளி ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்? குணமாகவில்லை என்றால் ஏன்? ஒவ்வொரு மருத்துவமனையும் இதைக் கணக்கெடுத்து வெளியில் சொல்ல வேண்டும் என்றார். சக மருத்துவர்கள் ரசிக்கவில்லை. தான் வேலை பார்த்த பெரிய மருத்துவமனையைவிட்டு விலகினார். சொந்தமாக ஒரு சிறிய மருத்துவமனை நடத்தி, 1911 முதல் 1916 வரை வீட்டுக்கு அனுப்பிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 தவறுகள் நடந்ததாகத் தானே அச்சடித்து வெளியிட்டார். தன் மருத்துவமனையின் தவறுகளை இப்படி எண்ணிப் போடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அந்த எண்ணத்தைத்தான் அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் கல்லூரி எடுத்துக்கொண்டது. குறைந்தபட்சத் தரம் என்று ஒரே ஒரு பக்கத்தில் அடங்கும் விதிகளை எழுதினார்கள். தகுதியான மருத்துவர்கள் இருக்க வேண்டும், ஒவ்வொரு நோயாளிக்கும் கேஸ் ஷீட் எழுத வேண்டும், லேபும் எக்ஸ்ரேயும் இருக்க வேண்டும், மருத்துவர்கள் கூடித் தங்கள் வேலையை அலச வேண்டும். அவ்வளவுதான். நூறு படுக்கைக்கு மேல் இருந்த 692 மருத்துவமனைகளைப் பார்த்தார்கள். தேறியவை 89. தேறாதவற்றில் நாட்டின் பேர்பெற்ற மருத்துவமனைகளும் இருந்தன. 1919-இல் நியூயார்க்கில் கூட்டம் நடந்தபோது, பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று, தங்கியிருந்த ஓட்டலின் உலையில் போட்டு எரித்துவிட்டார்கள்.

பிறகு 1951-இல் அங்கே அங்கீகாரத்துக்கென்றே ஒரு கூட்டு ஆணையம் அமைந்தது. "ஜேசிஐ" என்று சில பெரிய மருத்துவமனைகளில் பார்ப்பீர்களே, அது அந்த ஆணையத்தின் சர்வதேசப் பிரிவு.

பரிசோதகர்கள் வந்து என்னதான் பார்க்கிறார்கள்?

முதலில் காகிதங்களைப் பார்ப்பார்கள். அது சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் வார்டுக்குள் நடப்பார்கள். ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்து, அவர் போன வழியிலேயே போவார்கள்: அவசரப் பிரிவில் எத்தனை மணிக்கு வந்தார், யார் பார்த்தது, ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறதா, மருந்து எந்த அலமாரியிலிருந்து வந்தது, ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தை அவருக்குப் புரிகிற மொழியில் விளக்கினார்களா.

நான் தரப் பிரிவுக்கு வந்த முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவர்கள், அதிகாரிகள் என்று எட்டு பேர் பரிசோதகரின் பின்னால் நடந்துகொண்டிருந்தோம். வராந்தாவில் ஒரு அக்கா மாப் போட்டுக்கொண்டிருந்தார். பரிசோதகர் எங்களை விட்டுவிட்டு அவரிடம் போய், "தரையில ரத்தம் சிந்திடுச்சு, என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவைத்தார். "முதல்ல கிளவுஸ் போடுவேன் சார். யாரும் மிதிக்காம போர்டு வைப்பேன். மேல துணி போட்டு மூடி, ஒரு சதவீத ஹைப்போ கிருமிநாசினிய ஊத்தி ஊற விடுவேன். உடனே துடைக்கக் கூடாது. அப்புறம் அந்தத் துணிய மஞ்சப் பைல போடணும், கறுப்புல போட்டா சிஸ்டர் திட்டும்" என்றார். அந்த சிஸ்டர் நான்தான்.

மஞ்சள் பை விஷயம் 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளில் இருப்பது. ரத்தம் பட்ட துணி, பஞ்சு மஞ்சளில். டியூப், சிரிஞ்ச் போன்ற பிளாஸ்டிக் சிவப்பில். ஊசிகள், துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடி நீலத்தில். விதி எல்லோருக்கும் பொதுதான். ஆனால் மாப் போடுகிறவர் வரை அது போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று யாராவது ஒருவர் வந்து கேட்டால்தான் தெரிகிறது.

குறை கண்டால் எழுத்தில் தருவார்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் சரிசெய்து ஆதாரம் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் குழு கூடி முடிவெடுக்கும். அங்கீகாரம் கிடைத்த பின்பும் இடையில் மீண்டும் பார்க்க வருவார்கள்.

நர்ஸ் வரும்போதெல்லாம் பெயர் என்ன, பெயர் என்ன என்று கேட்கிறார்கள். நான்கு நாளாகப் பார்க்கிறார்களே, தெரியாதா?

தெரியும். தெரிந்துதான் கேட்கிறோம். என்னிடம் அதிகம் கோபமாகக் கேட்கப்பட்ட கேள்வியும் இதுதான், நான் மனதார விளக்க விரும்பும் கேள்வியும் இதுதான்.

அங்கீகாரம் என்ற பேச்சே இல்லாத ஒரு மருத்துவமனையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம். ராத்திரி டூட்டி. பெண்கள் வார்டில் இரண்டு லட்சுமி அம்மாக்கள், எதிரெதிர்ப் படுக்கை. ஒருவருக்கு சர்க்கரை, இன்சுலின் போட வேண்டும். இன்னொருவர் கால் எலும்பு முறிவு. மாலையில் ஃபேன் ஓடவில்லை என்று இருவரையும் இடம் மாற்றியிருந்தார்கள், அது எனக்குத் தெரியாது. இன்சுலின் ஏற்றிய சிரிஞ்சோடு போய், "லட்சுமி அம்மா?" என்றேன். அரைத் தூக்கத்தில் "ம்" என்றார். சேலையை விலக்கியபோதுதான் காலில் மாவுக்கட்டு கையில் தட்டியது. அவர் சாப்பிடாமல் தூங்கியிருந்தார். அந்த ஊசி போயிருந்தால் விடியும்போது என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்க எனக்குப் பயம்.

அன்றைக்கு நான் செய்தது இரண்டு தவறு. பெயரை நானே சொல்லி "ம்" வாங்கினேன். படுக்கையை நம்பினேன். தர விதி சொல்வது இதற்கு நேர்மாறு: பெயரை நோயாளியே சொல்ல வேண்டும், கையில் கட்டியிருக்கும் பட்டையில் உள்ள எண்ணோடு அதைச் சரிபார்க்க வேண்டும், படுக்கை எண் அடையாளமே ஆகாது. மருந்து, ஊசி, ரத்தம் ஏற்றுவது, லேபுக்கு ரத்தம் எடுப்பது, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும். அதனால் நர்ஸ் கேட்கும்போது சலிக்காமல் சொல்லுங்கள். கேட்காமல் ஊசியோடு வந்தால் நீங்கள் கேளுங்கள்.

பரிசோதனைக்கு வருகிற நாளில் மட்டும் எல்லாம் பளபளவென்று வைத்துவிட்டு, மறுநாள் பழையபடி ஆகிவிடாதா?

ஆகும். மறைத்துப் பேச மாட்டேன். புது திரைச்சீலை, தேதி போட்ட ரெஜிஸ்டர்கள், மனப்பாடம் செய்யும் நர்ஸ் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்கு முந்தைய வாரம் சில மருத்துவமனைகளில் திருவிழா போல இருக்கும்.

இதை வைத்தே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அங்கீகாரப் பரிசோதகர்கள் சொல்லாமல்கொள்ளாமல் வருவார்கள். 1,984 மருத்துவமனைகளில், அவர்கள் வந்த வாரத்தில் சேர்ந்த நோயாளிகளையும், அதற்கு முன்னும் பின்னும் மூன்று வாரங்களில் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில், பரிசோதனை வாரத்தில் சேர்ந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 7.03 சதவீதம், மற்ற வாரங்களில் 7.21 சதவீதம். சின்ன வித்தியாசம்தான். ஆனால் அதே மருத்துவர்கள், அதே நர்ஸுகள், அதே கட்டடம். மாறியது ஒன்றே ஒன்று: யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம்.

சிலர் இதைக் காட்டி, பார்த்தீர்களா, எல்லாம் நடிப்பு என்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. அந்த வாரத்தில் கவனமாக இருக்க முடிந்தது என்றால், மற்ற வாரங்களிலும் முடியும் என்று அர்த்தம். அதனால்தான் நாங்கள் மாதாமாதம் எங்களுக்குள்ளேயே ஆடிட் செய்கிறோம், வேறு வார்டு சிஸ்டரை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறோம். யாராவது திடீரென்று மயங்கி விழுந்ததாக வைத்துக்கொண்டு ஒத்திகை நடத்துகிறோம். ஒத்திகையை நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் வைப்பேன். ஆள் குறைவாக இருக்கும் நேரம் அதுதான்.

சரி, அங்கீகாரம் பெற்ற இடத்தில் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகமா?

ஆமாம் என்று அடித்துச் சொல்ல ஆசைதான். ஆனால் ஆதாரம் அப்படி இல்லை. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் 4,400 மருத்துவமனைகளில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தது. அங்கே மாநில அரசின் பரிசோதனையோடு நின்றவை சில, தனியார் அமைப்பிடம் அங்கீகாரமும் பெற்றவை சில. அறுவைச் சிகிச்சை அல்லாத நோய்களில் 30 நாள் இறப்பு அங்கீகாரம் பெற்றவற்றில் 10.2 சதவீதம், மற்றவற்றில் 10.6 சதவீதம், அந்த வித்தியாசத்தை உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அறுவைச் சிகிச்சையில் இரண்டு பக்கமும் 2.4.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அங்கீகாரம் இல்லாதவற்றையும் மாநில அரசு நெருக்கமாகப் பரிசோதிக்கிறது. நம் ஊரில் லைசென்ஸுக்கும் அங்கீகாரத்துக்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது. ஆகவே அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

அதேசமயம், தரநிலைகளுக்குள் இருக்கும் சில தனித்தனிப் பழக்கங்களுக்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று உண்டு. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி ஆபரேஷன் தியேட்டரைவிட்டுப் போகும் முன் என்று மூன்று இடத்தில் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது. பெயர், எந்தப் பக்கம், ஆன்டிபயாட்டிக் கொடுத்தாயிற்றா, பஞ்சுக் கணக்கு சரியா. எட்டு நகரங்களில் சோதித்தார்கள், டெல்லியும் அதில் ஒன்று. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது, சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆனது. ஒரு தாள், இரண்டு நிமிடம். இதைச் சோம்பலால் விட்டுவிடும் தியேட்டர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அரசு மருத்துவமனைகளுக்கு இதெல்லாம் உண்டா?

உண்டு, நன்றாகவே உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் கொண்டுவந்த தேசியத் தர உறுதித் தரநிலைகள் இருக்கின்றன. "என்க்யூஏஎஸ்" என்பார்கள். மாவட்ட மருத்துவமனை முதல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பட்டியல். எட்டுத் தலைப்புகள். எழுபது சதவீதமாவது எடுக்க வேண்டும். சுத்தத்துக்காக 2015-இல் "காயகல்ப்" விருது, பிரசவ அறைக்காக 2017-இல் "லக்ஷ்யா". பிரசவத்தின்போது பெண்ணுக்குத் துணையாக ஒருவர் கூட இருக்கலாம், அவளிடம் யாரும் கை ஓங்கவோ கத்தவோ கூடாது என்பதெல்லாம் லக்ஷ்யாவில் வருகிறது. மதிப்பெண் போட்டுப் பார்க்கும் விஷயமாக மரியாதையும் ஆனது எனக்குப் பெரிய ஆறுதல்.

இதனால் பில் கூடுமா?

சில இடங்களில் அங்கீகாரத்துக்கும் கட்டணத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில், என்ஏபிஎச் இல்லாத மருத்துவமனைக்குக் கொடுக்கும் தொகை, இருக்கும் மருத்துவமனைக்குக் கொடுப்பதைவிட 15 சதவீதம் குறைவு. அதை அரசு கொடுக்கிறது, நீங்கள் இல்லை. சொந்தக் காசில் கட்டுகிறவர்களுக்குச் சட்டப்படி கூடவோ குறையவோ வேண்டியது இல்லை. எதிர்பார்க்கும் செலவை முன்கூட்டியே சொல்ல வேண்டும், கூடினால் ஏன் கூடியது என்று விளக்க வேண்டும் என்பது தரநிலையிலேயே இருக்கிறது. எஸ்டிமேட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நர்ஸுகள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், நோயாளியைப் பார்ப்பது எப்போது?

இந்தக் குறை நியாயமானது. ஒரே அளவை மூன்று தாளில் எழுதும் கொடுமை பல இடங்களில் நடக்கிறது. விதி அதைக் கேட்கவில்லை. விதிக்குப் பயந்து நாங்களே உண்டாக்கிக்கொண்டது. எங்கள் வார்டில் ஒரு ராத்திரி உட்கார்ந்து எண்ணி, ஒன்றையே திரும்ப எழுதும் படிவங்களை எடுத்தோம். பரிசோதகர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் படிவத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, ஆள் வேண்டும். முப்பது படுக்கைக்கு இரண்டு நர்ஸை வைத்துவிட்டு எந்தச் சான்றிதழை மாட்டினாலும் பயன் இல்லை.

எங்கள் ஊர் நர்சிங் ஹோமுக்கு அங்கீகாரம் இல்லை. போகக் கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பத்துப் படுக்கையோடு, நேரத்துக்கு வரும் மருத்துவரோடு, சுத்தமாக நடக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. கட்டணமும் காகித வேலையும் தாங்காமல் அவர்கள் விண்ணப்பிப்பது இல்லை. நுழைவு நிலைச் சான்று அவர்களை மனதில் வைத்து வந்ததுதான். ஐசியூ தேவைப்படும் நோய், பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் மட்டும் நான் அங்கீகாரத்தைக் கட்டாயம் பார்ப்பேன்.

லேப் ரிப்போர்ட்டில் "என்ஏபிஎல்" என்று இருக்கிறதே?

அது ஆய்வகங்களுக்கான தனி அங்கீகாரம். எல்லாச் சோதனைக்கும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும் என்பது இல்லை. எந்தெந்தச் சோதனைக்கு உண்டு என்று கேட்கலாம்.

சான்றிதழ் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

வாரியத்தின் இணையதளத்தில் மருத்துவமனைகளின் பட்டியல் இருக்கிறது. மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, செல்லுபடியாகும் தேதி. இரண்டு, முகவரி. பெரிய குழுமத்தின் ஒரு கிளைக்குக் கிடைத்தது இன்னொரு கிளைக்குச் செல்லாது. மூன்று, எந்தெந்தச் சேவைகளுக்கு என்ற பட்டியல். உங்களுக்குத் தேவையான பிரிவு அதில் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

அங்கீகாரம் பெற்ற இடத்தில் தவறு நடந்தால்?

நடக்கும். மனிதர்கள் வேலை செய்யும் இடம். நடந்ததை மறைக்காமல் பதிவு செய்து, காரணம் தேடி, வழியை அடைக்க வேண்டும் என்பதுதான் விதி. ஊசி போடும் முன் தடுத்துவிட்ட தவறையும் எழுத வேண்டும். எழுதியவரைத் தண்டித்தால் அடுத்த தடவை யாரும் எழுத மாட்டார்கள். என்னுடைய அந்த இன்சுலின் கதையை அந்த மருத்துவமனையில் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஓர் இடம் அங்கே இருக்கவில்லை. இப்போது புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன்.

நோயாளி தரப்பில், முதலில் மருத்துவமனையின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். அங்கீகார வாரியத்துக்கும் எழுதலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அங்கீகாரம் இருப்பதால் அந்த உரிமை குறையாது.

நோயாளியோடு தங்கும்போது நான் என்ன கவனிக்கலாம்?

கட்டில் பக்கம் கை கழுவும் திரவம் இருக்கிறதா, தொடும் முன் தேய்த்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். டிரிப் போட்ட ஊசியின் மேல் தேதி எழுதியிருக்கிறதா பாருங்கள். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவந்து காட்டுங்கள், "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று" என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது. கட்டிலின் பக்கத் தடுப்பை ராத்திரியில் இறக்கிவிடாதீர்கள், பெரியவர்கள் பாத்ரூம் போக எழுந்து விழுவது அப்போதுதான். டிஸ்சார்ஜ் தாளில் எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று தமிழில் எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் டூட்டி நர்ஸிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஆட்டோ காத்திருக்கட்டும்.